தில்லியில் உம்மம்மாவின் அஸர்

வெளியூர்ப் பயணம் என்று பேச்செடுத்தவுடன் நம் குடும்பங்களில் எழும் கேள்விகள் இரண்டு. உணவுக்கு என்ன வழி? தொழுகைக்கு என்ன வழி? தில்லியைப் பொறுத்தவரை முதல் கேள்விக்கு இடமே இல்லை. ஜாமிஆ மஸ்ஜிதுக்கு எதிரே மட்டியா மஹல் தெருவில் நுழைந்தால் நிஹாரியும் கபாபும் மணக்கின்றன. மூன்று வேளையும் சோறு தேடிய உம்மம்மாவைத் தவிர எங்களில் எவருக்கும் குறையில்லை. இரண்டாம் கேள்விக்குத்தான் ஆண்களுக்கு ஒரு விடையும் பெண்களுக்கு வேறு விடையும் கிடைத்தன.

டிசம்பர் விடுமுறையில் சென்னையிலிருந்து இரண்டு இரவும் ஒரு பகலும் இரயிலில் பயணித்துத் தில்லி சேர்ந்தோம். மூன்று தலைமுறையினர் சேர்ந்து எட்டுப் பேர். நாங்கள் கடற்கரை ஊரினர். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாள்கள் தங்கும் எண்ணம் இருந்தால் பயணச் சலுகை நீங்கிவிடும் என்பதால், மூன்று நாள்களோடு திட்டத்தை முடித்துக்கொண்டோம். லுஹரையும் அஸரையும் இரண்டிரண்டு ரக்அத்களாகச் சுருக்கி, ஒரே வேளையில் சேர்த்துத் தொழலாம். மஃக்ரிபையும் இஷாவையும் அவ்வாறே சேர்க்கலாம். மஃக்ரிப் மட்டும் மூன்றாகவே நிற்கும். குழந்தைகளோடு ஊர் சுற்றுவோருக்கு இது எத்தகைய அருள் என்பது, தில்லியின் குளிர்காலப் பகல் எவ்வளவு குறுகியது என்று கண்டவர்களுக்கே விளங்கும். மாலை ஐந்தரைக்குள் கதிரவன் மறைந்துவிடுகிறான்.

கைப்பேசியில் கிப்லா பார்த்த எங்கள் பேரன் ஒரு புதுமையைக் கண்டுபிடித்தான். நம் ஊரில் மேற்கிலிருந்து சற்று வடக்கே திரும்பி நிற்கிறோம். தில்லியிலோ ஏறத்தாழ நேர் மேற்கு. சொல்லப்போனால் இம்மியளவு தெற்கு. “மக்கா இடம் மாறிவிட்டதா?” என்று அவன் கேட்க, “நாம்தான் மாறியிருக்கிறோம்” என்றார் உம்மம்மா.

முதல் நாள் செங்கோட்டை. ஷாஜஹான் 1639ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய கோட்டை அது. கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஸஃபரை ஆங்கிலேயர் 1858ஆம் ஆண்டு விசாரித்ததும் அங்கேதான்; 1862ஆம் ஆண்டு அவர் ரங்கூனில், அயல் மண்ணில் மறைந்தார். கோட்டைக்குள் ஔரங்கசீப் கட்டிய மோத்தி மஸ்ஜித் வெண்சலவைக்கல்லில் மின்னுகிறது. ஆனால் கதவு பூட்டியிருந்தது. பூட்டின் முன் நின்று பெருமூச்சு விட்டுத் திரும்பினோம்.

அன்று பிற்பகல் வேறொரு வட்டாரத்தில், சாலையோரம் இருந்த ஒரு பள்ளிவாசலை அடைந்தோம். எங்கள் ஆண்கள் ஒளுச் செய்து உள்ளே சென்றார்கள். பெண்கள் செருப்பைக் கழற்றுமுன்பே வாசலில் இருந்த பெரியவர் கையசைத்தார். கடுமையாகப் பேசவில்லை; இடமில்லை என்றார், அவ்வளவுதான். எங்கள் மகளிர் நால்வரும் வாடகை வண்டிக்குள் இருக்கையில் அமர்ந்தபடி நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னர் தங்கும் விடுதிக்கு விரைந்து, வக்து முடிவதற்குச் சற்று முன்பு தொழுதார்கள். மூத்த பேத்தி ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் இரவு உணவு வரை நீடித்தது.

பெண்கள் பள்ளிவாசலுக்குச் செல்ல அனுமதி கேட்டால் தடுக்காதீர்கள் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. வீட்டில் தொழுவது பெண்களுக்குச் சிறந்தது என்ற அறிவிப்பும் உண்டு. நாம் அதை மறைக்கவில்லை. ஆனால் வீடு 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போது அந்தப் பெண் எங்கே போவாள்?

இதை இன்னும் வியப்பாக்குவது அந்நகரின் வரலாறே. சாந்தினி சவுக்கின் மேற்கு முனையில் நிற்கும் பள்ளிவாசலைக் கட்டியவர் ஷாஜஹானின் துணைவியருள் ஒருவரான ஃபதேஹ்பூரி பேகம். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பழைய கோட்டைக்கு எதிரே உள்ள கைருல் மனாஸில் பள்ளியை 1561ஆம் ஆண்டு எழுப்பியவர் அக்பரின் வளர்ப்புத் தாய் மாஹம் அனகா. நடுவே கால்வாய் ஓட, சாந்தினி சவுக் கடைவீதியையே அமைத்தவர் இளவரசி ஜஹானாரா. பெண்கள் கொடுத்த பொன்னில் பள்ளிகள் எழுந்த ஊர் அது.

மறுநாள் ஜாமிஆ மஸ்ஜித். 1656ஆம் ஆண்டு நிறைவுற்றது. முற்றத்தில் மட்டும் 25,000 பேர் தொழலாம். 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர் இதைப் பறித்துக்கொண்டு, 1862ஆம் ஆண்டுதான் முஸ்லிம்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். படிகளில் ஏறும்போது உம்மம்மா இருமுறை நின்று மூச்சு வாங்கினார். லுஹரோடு அஸரைச் சேர்த்துத் தொழலாமே என்றோம். “லுஹரை மட்டும் தொழுதுகொள்கிறேன். அஸரை இங்கே ஜமாஅத்தோடு தொழ வேண்டும்” என்றார். எங்கள் ஊரில் பெண்களுக்கெனத் தைக்கா உண்டு. ரமழானில் தராவீஹ் தொழுவார்கள். ஆனால் எழுபத்தொரு வயதுவரை ஒரு ஜும்ஆப் பள்ளியின் உட்புறத்தை அவர் பார்த்ததில்லை. அவருடைய வாப்பா அதே பள்ளியில் பல்லாண்டு பாங்கு சொன்னவர்.

நம் கணக்குப்படி அஸர் வந்துவிட்டது. பாங்கு மட்டும் ஒலிக்கவில்லை. தில்லிப் பள்ளிகள் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவை. ஒரு பொருளின் நிழல் அதன் இருமடங்கான பின்னரே அவர்களுக்கு அஸர். நமக்கு ஒரு மடங்கு போதும். அந்த இடைவெளி ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள். பேரப்பிள்ளைகள் புறாக்களைத் துரத்தினார்கள். உம்மம்மா செந்நிறக் கல்தரையில் அமர்ந்து தஸ்பீஹ் செய்துகொண்டிருந்தார். விடுதிக்குப் போகலாமா என்று யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

பாங்கு ஒலித்தது. முற்றத்தின் பின்பகுதியில் சில பெண்கள் ஏற்கெனவே அணிவகுத்திருந்தார்கள். ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். மொழி தெரியாவிட்டாலும் தோளோடு தோள் சேர்வதற்கு மொழி தேவைப்படவில்லை. உள்ளூர் இமாமைப் பின்பற்றுவதால் சுருக்கம் இல்லை. நான்கு ரக்அத்களையும் முழுமையாகத் தொழுதோம். ஸலாம் கொடுத்தபின் உம்மம்மா நீண்ட நேரம் கையேந்தியிருந்தார். என்ன கேட்டீர்கள் என்று பேத்தி வினவியபோது, “என் வாப்பாவுக்கு துஆச் செய்தேன்” என்றார்.

மூன்றாம் நாள் ஹுமாயூன் கல்லறையையும் குதுப் மினாரையும் கண்டோம். அவை பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நிஸாமுத்தீனில் ஜஹானாராவின் அடக்கத்தலத்தின் முன் மட்டும் சற்று அதிகமாக நின்றோம். கூரையில்லை, குவிமாடமில்லை. சலவைக்கல் சட்டத்துக்குள் மண்ணும் புல்லுமாக, வானத்தைப் பார்த்தபடி இருக்கிறது.

ஊர் திரும்பிய மறுவாரம், எங்கள் ஜும்ஆப் பள்ளியில் நடைபெறும் விரிவாக்கப் பணியில் பெண்களுக்குத் தனி வாயிலுடன் ஓர் அறையும், ஒளுச் செய்யும் இடமும் ஒதுக்கக் கோரி ஜமாஅத் நிர்வாகத்துக்கு மனு எழுதினோம். ஊர்ப் பெண்களுக்குத் தைக்கா இருக்கிறதே என்பார்கள். வழிப்போக்கராக வரும் பெண்களுக்காக என்று மனுவிலேயே தெளிவாகக் குறித்திருக்கிறோம். முதல் கையொப்பம் உம்மம்மாவுடையது. அடுத்த கூட்டத்தில் பேசுவதாகப் பதில் வந்திருக்கிறது. கூட்டம் என்றைக்கு என்று அவர் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.