சொல்லத் தெரியாத நோயாளி

மார்கழி பிறந்துவிட்டால் பொகவந்தலாவையில் வளர்ப்பு மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி வரத் தொடங்கும். கீழ்நாட்டு இளஞ்சூட்டு நீரில் பிறந்த மீன், அட்டன் கடை வழியாகப் பொலித்தீன் பையில் நம் மலைக்கு வந்து சேர்கிறது. இங்கே விடியற்காலையில் தொட்டித் தண்ணீர் 18 பாகைக்கும் கீழே இறங்கிவிடும். தங்கமீன் அந்தக் குளிரைத் தாங்கும். கப்பியும் ஃபைட்டரும் தாங்கமாட்டா. இரை எடுக்காமல் செட்டையை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கும். இரண்டொரு நாளில் உப்புக் குருணை அளவில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இன்றைக்கும் சனம் என்னை மருந்துக்காரையா என்றுதான் கூப்பிடுகிறது. அதனால் மீனுக்கு நோய் என்றாலும் பிள்ளைகள் ஜாம் போத்தலில் அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு இஸ்தோப்புக்கு வந்துவிடுகிறார்கள்.

“ஐயா, என்ன மருந்து ஊத்துறது?”

“மருந்து இருக்கட்டும். தண்ணி எங்க புடிச்சீங்க? கடைசியா எப்ப மாத்துனீங்க?”

மீனுக்கு மூச்சும் தண்ணீரில்தான், கழிவும் தண்ணீரில்தான். உடம்பில் சேரும் அமோனியாவைச் செவுள் வழியாகவே வெளியே விடுகிறது. அமோனியா கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரிலும் மீனின் செவுளைப் பொசுக்கும் அளவுக்கு அது இருக்கலாம். மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறும் பக்டீரியாக்கள்தான் அதைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் அவை பெருக ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். சுத்தம் பேணுகிறோம் என்று அந்தப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவுகிறவர்கள், மீனைக் காக்கும் உயிரையே கழுவிக் கொட்டிவிடுகிறார்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அதை இலேசாக அலசினால் போதும். நோய் என்று வந்தால் முதல் வேலை, தொட்டி நீரில் கால்வாசியை வெளியேற்றி, அதே சூட்டில் உள்ள நல்ல தண்ணீரை ஊற்றுவது. பாதி நோய் அதிலேயே தணிவதைப் பார்த்திருக்கிறேன்.

நமக்குப் பீலித் தண்ணீர் இருக்கிறது. அதில் குளோரின் இல்லை. டவுன் குழாய்த் தண்ணீர்போல ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பாவிக்க வேண்டியதில்லை. ஆனால் நம் மலையின் கடும்பாறையில் ஊறிவரும் நீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. கப்பிக்கு அது போதாது. கழுவிய சிப்பி ஓடுகளைத் தொட்டியில் போட்டுவைக்கலாம். மலைக்கு உரம் போட்ட வாரத்திலும் மருந்தடித்த வாரத்திலும் காணில் ஓடும் நீரை மட்டும் எடுக்கவே கூடாது.

வெள்ளைப்புள்ளிக்கு வருகிறேன். இதில்தான் அதிகமாக மீன்கள் சாகின்றன, அதிலும் பாதி மருந்து ஊற்றிய பிறகு. அந்தப் புள்ளி ஓர் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கு அடியில் புகுந்து வளர்வதால் மருந்து அதைத் தொடாது. முற்றியதும் மீனை விட்டு விழுந்து, தொட்டியின் அடியில் ஓர் உறைக்குள் பிரிந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக வெளியே வரும். அந்தக் குஞ்சுகள் இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பற்றாவிட்டால் செத்துவிடும். அவை நீந்தித் திரியும் அந்த நேரத்தில் மட்டுமே மருந்து வேலை செய்யும். 25 பாகைச் சூட்டில் இந்தச் சுற்று ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடியும். நம் குளிரில் இரண்டு வாரம், அதற்கு மேலும் இழுக்கும். ஆகவே கொழும்புக்காரர் சொல்லும் கணக்கு பொகவந்தலாவைக்குப் பொருந்தாது. புள்ளிகள் மறைந்த நாளில் மீன் அழகாகத் தெரியும், வீட்டில் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள், மருந்தை நிறுத்திவிடுவார்கள். அந்த நாளில்தான் நோய் அடியில் கிடந்து பெருகிக்கொண்டிருக்கிறது.

காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரையைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகிவைத்த எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன்! உடம்பு சொல்வதை நம்பி மருந்தை நிறுத்தினார்கள். மருந்துக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது, அதை முடிக்க வேண்டும் என்று அன்றும் சொன்னேன், இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

ஹீட்டர் வாங்க வசதி இருந்தால் சூட்டை மணிக்கு ஒரு பாகைக்கு மேல் போகாமல் மெல்ல ஏற்றுங்கள். இல்லாவிட்டால் தொட்டியைக் கதவோரக் காற்றிலிருந்து தள்ளி வைத்து, மூன்று பக்கமும் ரெஜிபோம் பலகை கட்டினால் இராக்குளிர் அவ்வளவாக இறங்காது.

காயம் பட்ட மீனைப் பார்ப்பது வேறு பக்குவம். இன்னொரு மீன் கடித்துச் செட்டை கிழிந்திருக்கும், அல்லது கல்லில் உரசிச் செதில் போயிருக்கும். மீனின் உடம்பில் வழவழப்பாக ஒரு பூச்சு இருக்கிறதே, கிருமியைத் தடுப்பது அதுதான். உலர்ந்த கையால் பிடித்தால் அது உரிந்து வந்துவிடும். வலைகூட வேண்டாம்; ஒரு கோப்பையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, நீரோடு சேர்த்து மீனை மொண்டு எடுங்கள். தனி பேசினில் விடுங்கள். 10 லீற்றருக்கு 10 முதல் 30 கிராம் வரை உப்பை வேறாகக் கரைத்துச் சிறுகச் சிறுகச் சேர்க்கலாம். உப்பு ஆவியாகிப் போகாது. எவ்வளவு தண்ணீரை மாற்றினீர்களோ அந்த அளவுக்கு மட்டுமே திரும்ப உப்புப் போட வேண்டும். நீல மருந்தை, அதுதான் மெதிலீன் புளூவை, பெரிய தொட்டியில் ஊற்றாதீர்கள். வடிகட்டியில் குடியிருக்கும் பக்டீரியாவையும் அது கொன்றுவிடும்.

அப்புறம் இரை. நோயாளி சாப்பிடவில்லையே என்று மனம் பதைக்கும், மேலும் மேலும் கொட்டத் தோன்றும். மீனின் உடம்புக்கென்று தனிச் சூடு கிடையாது. தண்ணீர் குளிர்ந்தால் செரிமானமும் மந்தமாகும். வளர்ந்த மீன் சில நாள் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. தின்னாத இரை அழுகி அமோனியாவாகும். கொட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் பாசம்தான்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் வெட்டினார்களே, அப்போது எயார் பம்ப் எல்லாம் நின்றுபோயிற்று. நம் கெசல்கமு ஓயாதான் காசல்ரீயில் தேங்கி, விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுற்றவைக்கிறது. அந்த ஓயாவின் கரையிலேயே லயங்கள் இருட்டில் கிடந்தன. பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு, குவளையில் தண்ணீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து திரும்பத் தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். விழும் நீர் காற்றைக் கொண்டுபோகும் என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். குளிர்ந்த நீர் ஒட்சிசனைக் கூடுதலாகப் பிடித்துவைக்கும் என்பது அந்த நாட்களில் நம் ஊர் செய்த உதவி.

“ஒரு மீனுக்குப் போயி இவ்வளவு பாடா? அதுக்கு வலியா தெரியப்போகுது?” என்று கேட்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். 2003 இல் ஸ்கொட்லாந்தில் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் வானவில் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். அந்த மீன்கள் இரையை விட்டன, பக்கவாட்டில் ஆடின. அமிலம் ஏற்றப்பட்டவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. வலிநிவாரணியான மோர்ஃபின் கொடுத்ததும் அந்தத் தவிப்புக் குறைந்தது. டிரவுட் நமக்கு அந்நியமில்லை. வெள்ளைக்காரத் துரைமார் தூண்டில் போட்டு விளையாடுவதற்காக நுவரெலியாவைச் சூழ்ந்த மலை ஓடைகளில் கொண்டுவந்து விட்ட மீன்தான் அது.

மீன் கத்தாது. நோயை முடிந்தவரை மறைக்கும், ஏனென்றால் தளர்ந்த மீனைத்தான் எதிரி முதலில் பிடிக்கும். நமக்குத் தெரியவரும்போது நோய் பழசாகியிருக்கும். டிஸ்பென்சரியில் எனக்குப் பழக்கமான நோயாளிகளும் அப்படித்தான். வராவிட்டால் அன்றைய கூலிக்கான பேர் போய்விடும், நேரம் பிந்தினால் அரைப்பேர்தான் விழும் என்று காலில் சீழ் கட்டிய பெண்கள் கொழுந்துக் கூடையோடு மலை ஏறினார்கள். நிற்கவே முடியாமல் போன நாளில்தான் என்னிடம் வந்தார்கள். “அவங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு” என்று சொன்னவர்களை நான் கேட்டிருக்கிறேன். பழகிப்போகவில்லை. கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். பத்தடிக் காம்பராவில் அடுப்புப் புகையோடு ஒரு குடும்பமே படுத்திருக்க, நாங்கள் வருஷக்கணக்காக இருமல் மருந்து ஊற்றிக்கொடுத்தோம். அந்தக் காம்பராவுக்கு ஒரு ஜன்னல் வைத்திருந்தால் பாதி இருமல் வந்தே இருக்காது. தொட்டி நீரைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிழைக்காது என்று தெரிந்த மீனை ஓயாவில் விட்டுவிடலாம் என்று சிலர் இரக்கத்தோடு நினைக்கிறார்கள். வேண்டாம். கெசல்கமு ஓயா களனி கங்கையில் சேர்வது. இந்த நாட்டின் நன்னீர் மீன் இனங்களில் பாதிக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லாதவை. தொட்டி மீனின் நோய் அவற்றுக்குப் போனால் மருந்து ஊற்ற யாராலும் முடியாது. தவிக்கும் மீனுக்கு அளவு தெரிந்த மிருக வைத்தியர் கராம்பு எண்ணெயால் மயக்கம் தந்து நோவில்லாமல் முடித்துவைப்பார். செத்ததைத் தோட்டத்தில் ஆழமாகப் புதையுங்கள்.

என்னிடம் வரும் பிள்ளைகளிடம் மருந்துக்கு முன்னால் ஒரு கொப்பி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். காலையில் இரை எடுத்ததா, எந்த மூலையில் நின்றது, செவுள் வேகமாக அடிக்கிறதா, தண்ணீர் எவ்வளவு மாற்றினோம் என்று நாளுக்கு ஒரு வரி. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் நீர்வாழ் உயிர்களின் நோயை ஆராயும் பிரிவு இருக்கிறது. அங்கே கொண்டுபோக நேர்ந்தாலும் முதலில் கேட்கப்படுவது அந்தக் கொப்பியில் இருக்கும் விவரங்கள்தான். போகிறபோது மீனை ஒரு பையிலும், தொட்டித் தண்ணீரை வேறொரு சுத்தமான போத்தலிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.