வீட்டிலிருக்கும் நாளுக்குக் கூலி யார் தருவது?

‘விலகியிரு, விழித்திரு, வீட்டிலிரு!’ 2020-ஆம் ஆண்டு முழுதும் நம் காதுகளிலே ஒலித்த சொற்கள் இவை. குறை சொல்வதற்கில்லை. கொரோனாவுக்கு அன்று தடுப்பூசி கிடையாது. விலகியிருப்பதொன்றே அரண் என்று அறிவியல் சொன்னது, அரசும் சொன்னது. சொன்னவர்கள் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டார்கள். வீட்டிலிருக்கும் நாளுக்குக் கூலி யார் தருவது?

கேட்டவர்கள் இல்லை. 2020 மார்ச் 22-இல் கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம். ஏப்ரல் 5-இல் விளக்கேற்றச் சொன்னார்கள், ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் ஏற்றினார்கள். இடையிலே, மார்ச் 29-இல், ஊரடங்கு நாட்களுக்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள் என்று மத்திய உள்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. மே 18 முதல் அந்த ஆணை மறைந்து போயிற்று. முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றது ஜூன் 12-இல் உச்சநீதிமன்றம். பசித்தவனும் பண்டசாலைக்காரனும் சமமாய் உட்கார்ந்து பேசித் தீர்ப்பதாம்!

காய்ச்சலோடு வேலைக்குப் போனவனைக் கண்டு, ‘கட்டுப்பாடில்லாத கூட்டம், படிப்பறிவற்ற கூட்டம்’ என்று பலர் ஏசினார்கள். பகுத்தறிவு பேசுகின்ற நம் தோழர்களிலும் சிலர் அந்த ஏச்சிலே சேர்ந்துகொண்டார்கள். எனக்கு அது உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. அவன் செய்தது அறியாமையா, கணக்கா? கணக்குத்தான் என்பேன். கணக்கைப் போட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

நோயுற்ற தொழிலாளிக்குப் பணம் தரும் திட்டம் நாட்டிலே இல்லாமலில்லை. பி. பி. அடார்க்கர் 1944-இல் அறிக்கை தந்தார். 1948-இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் வந்தது. 1952-இல் கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கியது. 1955-இல் நம் கோவைக்கு வந்தது. இ.எஸ்.ஐ. என்றால் பஞ்சாலைத் தெருவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நல்ல திட்டம், பாடுபட்டுப் பெற்ற திட்டம். ஆனால் பெருந்தொற்றின்போது அதன் விதிகள் எப்படி இருந்தன? நோயுற்ற நாளுக்குச் சராசரிக் கூலியில் 70 விழுக்காடு. ஆண்டுக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாளுக்கு ஒன்றுமில்லை. முந்தைய ஆறு மாதப் பருவத்திலே 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பத்துப் பேருக்குக் குறைந்த தொழிலகம் என்றால் திட்டமே கிடையாது.

இந்த விதிகளின் இருபுறத்தையும் நான் ஒரே வீட்டிலே பார்த்தேன். அம்மா பஞ்சாலைத் தொழிலாளி. அப்பா எட்டுப் பேர் வேலை பார்க்கும் லேத் பட்டறையிலே கடைசல்காரர்.

2021 ஏப்ரல் இறுதியில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் விடியலில் ஷிப்டுக்குப் புறப்பட்டார். தடுத்தேன். “மொத ரெண்டு நாளு காசு வராது கண்ணு. சும்மா சூடுதான், போயிட்டு வந்தர்றேன்” என்றார். படிப்பறிவற்ற பேச்சா இது? சட்டத்தின் விதியை அறிந்தவரின் பேச்சு! அத்தோடு, மாதம் முழுதும் தவறாமல் வந்தால் ஆலையில் தரும் ஊக்கத்தொகை ஒன்றுண்டு. ஒரு நாள் தவறினாலும் அது போய்விடும். இரண்டு நாள் போனார். மூன்றாம் நாள் எழ முடியவில்லை. அந்த இரண்டு நாளில் அவர் நின்ற ஸ்பின்னிங் பகுதியில் எத்தனை பேர் அவரருகே நின்றார்கள் என்பதை எந்தப் பதிவேடும் எழுதி வைத்திருக்காது.

அம்மாவின் நாட்கூலி 420 ரூபாய். அதில் 70 விழுக்காடு 294. சான்றிதழ் வாங்கி, கொடுத்து, வங்கிக் கணக்கிலே பணம் விழுந்தபோது அம்மா ஆலைக்குத் திரும்பிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. நோயாளிக்குச் செலவு குறைவு என்று எந்த மேதை கணக்கிட்டான்? பாலும் பழமும் மருந்தும் ஆட்டோவும் நலமுள்ள நாளிலே வாங்கினவையா?

அப்பாவுக்கு நோயில்லை. ஆனால் வாசலிலே தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்ற தாள் ஒட்டியாகிவிட்டது. பதினான்கு நாள் வெளியே போகக் கூடாது. பட்டறை முதலாளி நல்லவர். அவரும் வட்டிக்கு வாங்கித்தான் கூலி கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் என்ன செய்வார்? அப்பாவுக்கு 294-உம் இல்லை, இருபத்து நான்கும் இல்லை. நலமாயிருக்கும் ஒருவரை, ஊரின் நலத்துக்காக, அரசு அடைத்து வைக்கிறது. அந்தச் செலவை அவரே ஏற்க வேண்டுமாம்! ஜெர்மனியின் தொற்றுத் தடுப்புச் சட்டம் இதற்கு விடை வைத்திருந்தது. ஆணையால் அடைபட்டவருக்கு ஆறு வாரம் வரை இழந்த ஊதியம் முழுதும் ஈடு. முதலாளி கொடுப்பார், அரசு அவருக்குத் திருப்பித் தரும். எல்லா நாடும் அப்படியல்ல. பிரிட்டனில் அப்போது வாரம் 94.25 பவுண்டுதான் சட்டப்படியான நோய்க்கால ஊதியமாக இருந்தது. அதைக்கொண்டு உங்களால் வாழ முடியுமா என்று 2020 மார்ச்சில் தொலைக்காட்சியில் கேட்டபோது, முடியாது என்றார் சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக். அந்த மட்டுக்கும் உண்மை பேசினார்.

தமிழக அரசு 2021 மே, ஜூன் மாதங்களில் அரிசி அட்டைக்கு நான்காயிரம் ரூபாய் இரு தவணையாகத் தந்தது. எங்கள் அடுப்பு எரிந்தது அதனால்தான், நன்றியோடு சொல்கிறேன். ஆயினும் அது எல்லா வீட்டுக்கும் தந்த உதவி. நோயாளியை வீட்டிலே இருத்துகின்ற கூலியாக அதைக் கருத முடியாது.

அதே மே மாதத்திலே கோவையை அடுத்த இருகூரில் ‘கொரோனா தேவி’ என்று கல்லிலே சிலை வடித்து, 48 நாள் வேள்வி நடத்தினார்கள். அங்கிருந்து சிறிது தொலைவிலே சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை. பஞ்சாலைத் தொழிலாளியின் சந்தாக் காசிலே வளர்ந்த அந்த மருத்துவமனைதான், மில் முதலாளி, மிராசுதார், சந்தா கட்டியவன், கட்டாதவன் என்று பாராமல் ஊருக்கே கொரோனா மருத்துவமனையாக நின்றது. அங்கே நோயாளிகளிடையே முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கவச உடை அணிந்து சென்றதை அந்த மாத இறுதியில் நாடே பார்த்தது. தொழிலாளியின் பணம் ஊருக்கு மூச்சுக் கொடுத்தது. ஊர் தொழிலாளிக்கு என்ன கொடுத்தது?

2021-இல் அறிவித்தார்கள்: ஈட்டுறுதி பெற்ற தொழிலாளி கொரோனாவால் இறந்தால், குடும்பத்துக்குச் சராசரிக் கூலியில் 90 விழுக்காடு. வரவேற்கிறேன், கைவிடப்பட்ட குடும்பங்களுக்கு அது ஊன்றுகோல். ஆனால் பாருங்கள், படுத்திருந்து பிழைத்தவனுக்கு 70, மாண்டவன் வீட்டுக்கு 90! பிழைக்கும்போதே அந்த 90-ஐக் கொடுத்து, முதல் நாளிலிருந்தே கொடுத்திருந்தால், எத்தனை பேர் மூன்றாம் நாள் வரை காத்திராமல் படுத்திருப்பார்கள்?

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் பத்துப் பேர் என்ற வேலி அப்படியே நிற்கிறது. முதலாளியும் தொழிலாளரில் பெரும்பான்மையினரும் இசைந்தால் சிறிய தொழிலகமும் சேரலாம் என்று ஒரு வாசல் திறந்திருக்கிறது. அந்த வாசல் இருப்பது அப்பாவின் பட்டறையிலே யாருக்கும் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். மாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எட்டுப் பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். அடுத்த ஞாயிறு மாலை எங்கள் தெருப் படிப்பகத்தில் சுற்றுவட்டாரப் பட்டறைத் தோழர்களை அழைத்திருக்கிறோம். சட்டத்தின் அந்தப் பகுதியைத் தமிழிலே எழுதிப் படியெடுத்து வைத்திருக்கிறேன்.