சுட்ட கல்லில் ஒரு தோட்டம்

மும்பையில் செடி வளர்ப்பவருக்கு வெயிலைவிடப் பெரிய பகை நாட்காட்டிதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதம் வானம் கொட்டித் தீர்க்கும். மீதி எட்டு மாதம் பெரும்பாலும் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. அந்த எட்டு மாதமும் தான்சா, பாட்சா, வைதர்ணா என்று ஏழு ஏரிகளை நம்பித்தான் இந்த நகரம் பல் துலக்குகிறது. 2024 ஜூனில் ஏரிகள் வற்றியதும் மாநகராட்சி விநியோகத்தில் 10 சதவீதத்தை வெட்டியது. அடுத்த மாதம் 8ஆம் தேதி பெய்த மழையில் தண்டவாளங்கள் மூழ்கி மின்சார ரயில்கள் நின்றன.

செம்பூரில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. பால்கனியில் பத்துத் தொட்டிகள்: கறிவேப்பிலை, புதினா, ஓமவல்லி, பச்சை மிளகாய். ஏப்ரல் வந்தால் தொட்டி மண் இறுகி ஓரத்தில் வெடித்துவிடும். ஊற்றும் தண்ணீர் அந்த வெடிப்பு வழியாகவே இறங்கி, வேரைத் தொடாமல் கீழ்வீட்டுக் கொடியில் காயும் துணிகளுக்குப் போய்ச் சேரும்.

வீட்டு வேலைக்கு உதவ வரும் பெண் தாராவியில் இருக்கிறாள். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஒரு நாள் வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏக்கா, ஒரு குடம் தண்ணிக்கு நாங்க விடியுமுன்னே எந்திரிச்சு வரிசையில நிக்கோம். நீங்க செடிக்கு ரெண்டு வாளி ஊத்துதீங்க." அவள் குற்றம் சாட்டவில்லை. கணக்கைச் சொன்னாள், அவ்வளவுதான். செடியை விடவும் மனமில்லை, கணக்கை மறக்கவும் முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தோட்டக்கலைக் கையேடு மொழிபெயர்ப்புக்கு வந்தது. மண்ணுக்குப் பதிலாகக் கனிமங்களில் செடி வளர்ப்பது பற்றியது. அதில் வெர்மிகுலைட் என்ற சொல்லில் நின்றுவிட்டேன். புழுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். சூடாக்கினால் புழுப்போல் நெளிந்து நீள்வதால் அப்படி வைத்தார்களாம். மாட்டுங்காவில் ஒரு கடையில் கேட்டபோது மண்புழு உரத்தை எடுத்து நீட்டினார்கள். பெயர்க் குழப்பம் அங்கேயும் இருந்தது.

விஷயம் எளியது. காக்காப்பொன் என்போமே, அதுபோல ஏடு ஏடாக இருக்கும் கனிமம் இது. ஏடுகளுக்கு நடுவே நீர் சிறைப்பட்டிருக்கும். 900 டிகிரி அளவுச் சூட்டில் அந்த நீர் ஆவியாகித் தள்ள, நெல் பொரிவதுபோலக் கல் பல மடங்கு உப்புகிறது. பிறகு ஊற்றும் தண்ணீரையும் உரச்சத்தையும் ஏடுகளுக்குள் பிடித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வேருக்கு விடுகிறது. எடையோ மண்ணில் மிகச் சிறு பங்குதான்.

இது வெளிநாட்டுச் சரக்கல்ல. திருப்பத்தூர் அருகே செவ்வாத்தூரில் தமிழக அரசின் டாமின் நிறுவனம் வெட்டியெடுத்த கனிமம்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற ஊரின் வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. 1990இல் அந்தச் சுரங்கம் மூடப்படுவதற்குள் அந்த ஊர் பல உயிர்களை நோய்க்குக் கொடுத்துவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லையென்று சோதித்த சரக்கா என்று கேட்டு வாங்க வேண்டும். தூசு பறக்காமல் நனைத்த பிறகே கையாள வேண்டும்.

இன்னொரு கனிமம் காசில்லாமல் கிடைத்தது. தாராவி கும்பார்வாடாவில் குஜராத்தி குயவர்களின் சூளையோரம் உடைந்த பானை ஓடுகள் குவிந்து கிடக்கும். பழைய கட்டடம் இடிபடும் இடத்தில் செங்கல் துண்டு. நல்ல செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கும். கடலைப் பருப்பளவுக்கு உடைத்துக்கொண்டால் நீரும் நிற்கும், இடைவெளியில் காற்றும் போகும்.

ஒரு பங்கு வெர்மிகுலைட், ஒரு பங்கு ஓட்டுத் துண்டு, ஒரு பங்கு மண்புழு உரம். இதுதான் என் கலவை. கல்லில் உணவு இல்லை என்பதால் உரம் தவறக் கூடாது. அழுத்தி நிரப்பினால் ஏடுகள் நசுங்கிவிடும். ஓட்டுத் துண்டைக் குறைத்தால் ஜூலை மழையில் வேர் அழுகும். இவற்றைக் கவனித்தால், தினம் இரு வேளை தண்ணீர் கேட்ட தொட்டிகள் ஏப்ரலிலும் இரண்டு நாளைக்கு ஒரு முறையோடு நிறுத்திக்கொள்கின்றன. அதிலும் பாதி, அரிசியும் காய்கறியும் கழுவிய தண்ணீர்.

நான் மிச்சம் பிடிக்கும் வாளி தாராவிக் குழாய்க்குப் போய்ச் சேராது. அதற்குக் குழாய் போட வேண்டியது மாநகராட்சி. என் பால்கனியால் ஆகாது. ஆனால் தாராவியில் தகரக் கூரை மண் பாரம் தாங்காது, இந்தக் கலவையைத் தாங்கும். அந்தப் பெண் ஒரு பெயின்ட் டப்பாவில் வாங்கிப்போய்ப் புதினா நட்டிருக்கிறாள். அதற்கென்று அவள் தனியாகத் தண்ணீர் பிடிப்பதில்லை. அரிசி களைந்த நீரே போதுமாக இருக்கிறதாம்.