டிராயரில் இருந்த கிட்

நம்ம கோயில் அன்னதானத் தொண்டூழியர்கள் எழுதறோம். வழக்கமா காய்கறி வெட்ட ஆள் வேணும், பால்குடத்துக்குப் பதிவு பண்ணுங்கன்னுதான் போடுவோம். இன்னைக்கு வேற விஷயம். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

சமையற்கட்டுல பெரிய அண்டாவைப் பார்த்துக்கிற அண்ணனை உங்க எல்லாருக்கும் தெரியும். பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டார், ஆனா எழுதச் சொன்னதும் அவர்தான். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்தார். உடம்பு நல்லா இளைச்சது. "விரதத்துல முகத்துக்கே ஒரு களை வந்துடுச்சுண்ணே"ன்னு நாங்கதான் சொன்னோம். இப்போ நினைச்சா தொண்டை அடைக்குது. மலத்துல ரத்தம் போனதை அவர் யார்கிட்டயும் சொல்லல. மூலச்சூடுன்னு நினைச்சு மோரும் ஊறவச்ச வெந்தயமுமா குடிச்சிருக்கார். பூசம் முடிஞ்சு, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குதுன்னு மகள் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. பெருங்குடல் புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவியிருந்தது.

அவருக்குத் துணி எடுக்க வீட்டுக்குப் போன மகள், டிராயர்ல பிரிக்காத ஒரு கிட்டைப் பார்த்திருக்காங்க. மலப் பரிசோதனைக் கிட். மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க எல்லாரோடயும் சேர்ந்து வாங்கினது.

அந்த வெள்ளிக்கிழமை பாத்திரம் கழுவி முடிச்சு உட்கார்ந்தப்ப, யார் யார் செஞ்சீங்கன்னு ஒருத்தர் கேட்டார். பதினோரு பேர் இருந்தோம், எல்லாரும் 50 தாண்டினவங்க. செஞ்சது ரெண்டே பேர். மத்தவங்க சொன்ன காரணத்தை மறைக்காம எழுதறோம்: "சாமி ரூம் இருக்கிற வீட்டுல அதை எங்க வைக்கிறது?" "நாங்க சுத்த சைவம், எங்களுக்கு எப்படி வரும்?" அண்ணனும் சுத்த சைவம்தான். காய்கறி, கீரை நல்லதுதான். அதுக்காக வராமலே போயிடாது.

தீட்டுப் பேச்சு மட்டும் ரொம்ப நேரம் ஓடுச்சு. கடைசியில பூ கட்டுற ஆன்ட்டிதான் முடிச்சு வச்சாங்க. "தினம் போறதுதானே, அதுல ஒரு குச்சியை வைக்கிறதுக்கு என்னடா தீட்டு? வச்சுட்டு, குளிச்சுட்டு விளக்கேத்து."

புது கிட் வாங்கி எல்லாரும் செஞ்சோம். மலம் தண்ணியில விழாம காகிதத்தை விரிச்சு, குச்சியால அங்கங்க தொட்டு, அந்தச் சின்னக் குழாய்க்குள்ள விட்டு மூடணும். ரெண்டு தனித்தனி நாள் எடுத்து, தபால்ல அனுப்பிடலாம். பத்தியம் எதுவும் இல்ல. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கான்னு பார்க்கிற சோதனை இது.

எங்கள்ல ஒரு அக்காவுக்கு ரத்தம் இருக்குன்னு வந்துச்சு. அப்படி வந்தா புற்றுநோய்னு அர்த்தமில்ல, மூலத்தாலயும் வரும். என்னன்னு பார்க்க கொலொனோஸ்கோபி செய்யணும். குடலைச் சுத்தம் பண்ற மருந்துதான் கொடுமை, எந்த விரதமும் இவ்வளவு படுத்தினதில்லன்னாங்க. உள்ளே ரெண்டு பாலிப். அப்பவே எடுத்துட்டாங்க. இந்தச் சின்னச் சதை வளர்ச்சிதான் சில பேருக்குப் பல வருஷம் கழிச்சுப் புற்றுநோயா மாறுது. ஒரு தடவை செஞ்சுட்டு விட்டுடாம, வருஷா வருஷம் செய்யச் சொல்றது அதனாலதான்.

50 வயசு ஆன சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கத்தோட கிட்டை இலவசமா வாங்கலாம். அப்பா அம்மா, கூடப்பிறந்தவங்க யாருக்காவது இந்த நோய் இருந்தா 50 வரைக்கும் காத்திருக்காதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க. ரத்தம் கண்ணுக்கே தெரிஞ்சாலோ, மலம் போற பழக்கம் மாறினாலோ, காரணமில்லாம இளைச்சாலோ கிட்டைத் தேடாதீங்க. நேரா டாக்டர்தான்.

அண்ணனுக்கு கீமோ நடக்குது. போன வெள்ளிக்கிழமை வந்து, ஸ்டூல்ல உட்கார்ந்து சாம்பாரை ருசி பார்த்து, "புளி தூக்கலா இருக்கு"ன்னார். வர்ற ஞாயிறு அன்னதானம் முடிஞ்சதும் சமையற்கட்டுப் பக்கம் ஒரு மேசை போடறோம். கிட்டை எப்படிச் செய்யறது, எங்க வாங்கறதுன்னு காட்டறோம். கூச்சமா இருந்தா தட்டு கழுவற சாக்குல வாங்க. உடம்பு இடம் கொடுத்தா அண்ணனும் மேசையில உட்கார்றேன்னு சொல்லியிருக்கார்.

ஓம் சரவணபவ.