படிவத்தில் ஒரு கேள்வி

மகிழுந்துக்குக் காப்பீடு பெற விரும்புவோர் ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்ப வேண்டும். வண்டியின் பதிவெண், பொறியின் எண், வாங்கிய ஆண்டு முதலியவற்றைப் பதிவுச் சான்றிதழைப் பார்த்தே எழுதிவிடலாம். ஆனால், ஒரு கேள்விக்கு மட்டும் நம் மனத்தைப் பார்த்துத்தான் விடை எழுத வேண்டும். "சென்ற காப்பீட்டுக் காலத்தில் இழப்பீடு ஏதேனும் பெற்றீர்களா?" என்பதே அக்கேள்வி. எங்கள் வீட்டில் அக்கேள்வி ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேசப்பட்டது.

நாங்கள் அப்போது தில்லியில் வாழ்ந்தோம். தந்தையாரிடம் ஒரு சிறிய பழைய மகிழுந்து இருந்தது. நான்கு ஆண்டுகள் அதற்காக அவர் ஒரு ரூபாய்கூட இழப்பீடு பெற்றதில்லை. ஐந்தாம் ஆண்டின் மே மாதத்தில் கடும் புழுதிப்புயல் வீசியது. வடநாட்டு மக்கள் அதனை 'ஆந்தி' என்பர். சாலையோர நாவல் மரத்தின் கிளையொன்று முறிந்து வண்டியின் மேல் விழுந்தது. முன்கண்ணாடி நொறுங்கியது, முன்மூடி நசுங்கியது. காப்பீட்டு நிறுவனம் பழுதுபார்த்த செலவில் பெரும்பகுதியைக் கொடுத்தது.

அடுத்த ஏப்ரலில் காப்பீட்டைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. நம் நாட்டில் இழப்பீடு கோராத ஓட்டுநருக்கு ஒரு சலுகை உண்டு. அதனை 'நோ கிளெய்ம் போனஸ்' என்பர். ஓராண்டு கோராதிருந்தால் 20 விழுக்காடு, ஈராண்டுக்கு 25, மூன்றாண்டுக்கு 35, நான்காண்டுக்கு 45, ஐந்தாண்டுக்கு 50 எனக் கட்டணம் குறையும். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பிறருக்கு நேரும் தீங்கிற்கான காப்பீடு கட்டாயமானது. அப்பகுதியின் கட்டணத்தில் இச்சலுகை இல்லை. நம் வண்டியின் சேதத்திற்குரிய பகுதியில் மட்டுமே உண்டு. இடையில் ஒருமுறை இழப்பீடு பெற்றாலும் சலுகை சுழியத்திற்குத் திரும்பிவிடும்.

அன்று ஒரு முகவர் வேறொரு நிறுவனத்தின் படிவத்துடன் எங்கள் இல்லத்திற்கு வந்தார். "இழப்பீடு கொடுத்தது பழைய நிறுவனம். புதியவர்களுக்கு அது எப்படித் தெரியும்? 'இல்லை' என்று எழுதிவிடுங்கள் ஐயா. 9,000 ரூபாய் கட்ட வேண்டிய இடத்தில் 4,500 கட்டினால் போதும். எல்லாரும் செய்வதுதான்" என்று இந்தியில் கூறினார்.

அந்த 4,500 ரூபாய் எங்களுக்குச் சிறிய தொகையன்று. கோடை விடுமுறையில் தஞ்சாவூருக்குச் செல்ல அம்மா சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்துதான் அதனை எடுக்க வேண்டியிருந்தது.

அக்காவுக்கு ஒன்று புரியவில்லை. "மரம் முறிந்தது நம் குற்றமில்லையே அப்பா! பிறகு ஏன் சலுகை போக வேண்டும்?" என்று கேட்டாள்.

"குற்றம் செய்தோமா என்று அவர்கள் கேட்கவில்லை அம்மா. பணம் வாங்கினோமா என்றுதான் கேட்கிறார்கள். வாங்கினோம்" என்றார் தந்தையார்.

'ஆம்' என்று எழுதி, இழப்பீட்டுத் தொகையையும் குறித்து, அவர் கையொப்பமிட்டார். அம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "குளிர்பதனப் பெட்டி வேண்டாம், சாதாரணப் படுக்கைப் பெட்டியிலேயே போவோம். சன்னல் வழியே காற்றாவது வரும்" என்றார். அவ்வாண்டு புதுதில்லியிலிருந்து சென்னை வரை 2,100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை அனற்காற்றில்தான் கடந்தோம். நாகபுரி நிலையத்தில் ஈரத்துணியால் முகம் துடைத்துக்கொண்டது இன்றும் நினைவிருக்கிறது.

தந்தையார் தம் முடிவுக்கான காரணத்தைப் பயணத்தின்போது எங்களுக்கு விளக்கினார். காப்பீடு என்பது பலர் சேர்ந்து பணம் இடும் ஒரு பொதுப்பானை. யாருக்கு இடர் நேர்கிறதோ அவருக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுகிறது. கோராதவர்க்குரிய சலுகையைக் கோரியவரும் பெற்றால், அக்குறை உண்மை எழுதியவர்களின் கட்டணத்தில்தான் சென்று சேரும். மேலும், புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திடம் விசாரித்து அறியலாம். பொய் வெளிப்பட்டால், சொந்த வண்டியின் சேதத்திற்கு இழப்பீடு பெறும் உரிமையையே இழக்க நேரிடும். வெயிலுக்காக வாங்கிய குடை மழையில் கிழிந்துபோவது போன்றதே அது.

இக்கருத்து புதிதன்று. 1766 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு, காப்பீடு நன்னம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம் என்று ஒரு தீர்ப்பில் விளக்கினார். இடர்ப்பாட்டை மதிப்பிட உதவும் செய்திகள் பெரும்பாலும் காப்பீடு பெறுபவருக்கு மட்டுமே தெரியும். எனவே, அவர் மறைக்காமல் கூற வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

காப்பீடு இடையில் விட்டுப்போயிருந்தாலும் இதே நேர்மை வேண்டும். காலம் முடிந்து 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிடில், சேர்த்து வைத்த சலுகை நீங்கும். விடுபட்ட நாள்களை ஒளிக்காமல் கூறினால், நிறுவனத்தார் வண்டியைப் பார்வையிட்டு மீண்டும் காப்பீடு வழங்குவர். கட்டணம் கூடலாம், ஆனால், கிடைக்கும் பாதுகாப்பு மெய்யானதாக இருக்கும்.

சொந்த ஊரில் நம் பாட்டனாரை அறிந்தவர்கள் இருப்பார்கள். "இன்னார் வீட்டுப் பிள்ளை" என்றால் நம்புவார்கள். பிழைப்புக்காக வந்த ஊரில் நம்மைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. பள்ளியிலும் வங்கியிலும் அலுவலகத்திலும் நாம் எழுதிக் கொடுப்பதைக் கொண்டே நம்மை அறிகிறார்கள். நாளை நீங்களும் இத்தகைய படிவங்களை நிரப்புவீர்கள். அப்போது, யாராலும் சரிபார்க்க முடியாது என்று தோன்றும் கேள்விக்கு முதலில் விடை எழுதுங்கள். மற்றவற்றை எழுதுவது எளிது.