பனை உச்சியிலிருந்து ஒரு குரல்

மார்ச் மாதம் பிறந்தால் எங்கள் வீட்டில் இரண்டு விடயங்களைப் பற்றியே பேச்சு நிகழும். ஒன்று, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டில் தொடங்கிய கிரிக்கெற் போட்டி. வடக்கின் பெருஞ்சமர் என்று இன்று அதனை அழைக்கின்றனர். மற்றையது, அதே பருவத்தில் முட்டி நிறைய இறங்கும் பனங்கள். மாணவர் படிக்கும் பக்கத்திற் கள்ளைப் பற்றி ஓர் ஆசிரியன் எழுதலாமோ என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பொறுத்தருள்க, நான் அதனைச் சுவைத்தவனல்லன்.

என் பாட்டனார் மத்திய கல்லூரியின் பழைய மாணவர். அவர் தம்பியாரோ பரியோவான் கல்லூரியிற் படித்தவர். போட்டி நாட்களில் இருவரும் முகங்கொடுத்துப் பேசார். ஆட்டம் முடிந்த மாலையில் வென்றவர் தோற்றவர் வீட்டுக்குச் செல்வார், நடுவே ஒரு முட்டி கள் வைக்கப்படும், பிணக்குத் தீர்ந்துவிடும். வெற்றி தோல்வியின்றி முடிந்தால் மட்டும், யார் யாரிடம் போவது என்பதிற் புதிய பிணக்கு எழும்!

ஊரிலே தவறணை இருந்தது. ஆயினும் அதன் வாசலை மிதிக்க இருவர் கௌரவமும் இடங்கொடாது. கள் எங்கள் வளவுப் பனைகளிலிருந்தே இறங்கும். அதற்கு ஆலையும் வேண்டாம், அண்டாவும் வேண்டாம். காலையும் மாலையும் பாளையைச் சீவி முட்டி கட்டினால், வடியும் சாறு சில மணி நேரத்தில் தானாகவே புளித்துக் கள்ளாகும். முட்டியினுள்ளே சுண்ணாம்பு தடவினாற் புளியாது, அது கருப்பநீர். ஆச்சிக்கு அதைக் காய்ச்சிய பனங்கட்டிதான் பெரிது.

மரம் சீவ வந்தவர் அப்போட்டியை ஒருநாளும் பார்த்ததில்லை. பாட்டனாரின் சைக்கிள் மணி படலையடியிற் கேட்டதும் பனை உச்சியிலிருந்து குரல் வருமாம்: “நயினார், எத்தினை விக்கெற்?” பாட்டனாரும் அண்ணாந்து உரத்துச் சொல்வார். கேட்டவர் மறவார். பழைய ஓட்டக் கணக்கிற் சகோதரருக்கு ஐயம் பிறந்தால், தீர்ப்பு மரத்திலிருந்துதான் இறங்கும்.

ஒரு மாலை, என் தந்தையாருக்கு அப்போது பத்து வயது. இறங்கி வந்தவர் கள்ளைப் பிளாவில் வார்த்து நீட்டினார். (பிளா என்பது பனையோலையாற் கோலிய குடிகலம், இன்றைய மாணவர் பலர் கண்டிரார்.) பாட்டனார் வாங்கி வாய்வைத்துக் குடித்தார். களைப்பினால் அவர் தண்ணீர் கேட்க, ஆச்சி ஒரு சிரட்டையில் வார்த்தார். செம்பு திண்ணையிலேயே இருந்தது.

“ஏன் ஐயா, செம்பிலை குடுத்தால் என்ன?” என்று தந்தையார் கேட்டாராம். ஒருவரும் மறுமொழி கூறவில்லை. சின்னப்பாட்டனார் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சைத் திருப்பினார். சிரட்டையை ஏந்தி நின்றவர்தான், “தம்பி சின்னப்பிள்ளை” என்று சிரித்தாராம்.

தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் சமவுரிமை கேட்டு, 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் சென்றது. அவரும் அதிற் சென்றார். பின்னர் எங்கள் வளவுக்கு வரவில்லை. பாட்டனார் வேறொருவரை அமர்த்தினார். எனினும், போட்டி பார்த்துத் திரும்பும் மாலைகளிற் படலையடியில் மணியடித்துவிட்டு, சிறிது நேரம் அண்ணாந்து நிற்பாராம்.

அந்தப் பனைகள் போர்க்காலத்திற் பதுங்குகுழிகளுக்காக வீழ்ந்தன. போட்டியும் சில ஆண்டுகள் தடைப்பட்டு, மீண்டும் நடைபெறுகின்றது. தந்தையாரை நான் அழைத்துச் செல்வதுண்டு. ஓட்டங்களைக் கூட்டிக்கொண்டிருப்பவர் திடீரென, “அவர் வந்திருந்தால் எங்கை இருந்து பாத்திருப்பார்?” என்பார். நிழலுள்ள ஒரு பக்கத்தை நான் காட்டுவேன்.

“பின்னேரம் அங்கை வெயில் அடிக்குமே” என்று சொல்லி, வேறு இடம் தேடுவார்.