ஆத்தா கூப்பிட்ட பேர்

எனக்கு முதலில் வைத்த பேர் அருக்காணி. அப்பாவைப் பெற்ற ஆத்தாவின் பேர் அது. மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் அம்மாவுக்கு நான் "கண்ணு". பெற்றவள் பேரைச் சொல்லி வேலை ஏவ அப்பாவுக்கும் வாய் வரவில்லை. காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தில் அந்தப் பேரை முழுசாகச் சொன்னது ஆத்தா மட்டும்தான். கிணற்று மேட்டில் நின்று தன் பேரைத் தானே நீட்டிக் கூவுவார். "ஏனுங்காத்தா" என்று ஓடுவேன்.

அருக்காணி என்றால் அருமை, எளிதில் கிடைக்காதது. அகராதி பார்த்து யாரும் வைத்ததில்லை. உடுக்கைப் பாட்டிலிருந்து வீட்டுக்குள் வந்த பேர். அண்ணன்மார் கதையில் பொன்னருக்கும் சங்கருக்கும் தங்கை அருக்காணி நல்லதங்காள். (ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்ட நல்லதங்காள் வேறு. இருவரையும் குழப்பினால் ஆத்தாவுக்குக் கோபம் வரும்.) படுகளத்தில் மாண்டு கிடந்த அண்ணன்மாரைத் தேடிப் போய்த் தண்ணீர் தெளித்து எழுப்பியவள். எழுந்தவர்கள் தங்கச்சியிடம் பேசிவிட்டு மறுபடி போய்விட்டார்கள். பாட்டு அந்த இடத்துக்கு வந்தால் பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் கேட்கும். காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் 1965-ல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் இந்தக் கதைப்பாட்டைப் பல இரவுகள் ஒலிப்பதிவு செய்தார். 1982-ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்.

சினிமாவுக்கோ அருக்காணி என்பது பட்டிக்காட்டுப் பெண்ணை வைத்துச் சிரிக்க ஒரு பேர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா வேறொன்றை எழுதிவிட்டார். ஆத்தா எதுவும் கேட்கவில்லை. தான் கூப்பிடுவதை மட்டும் விடவில்லை. கோயமுத்தூரில் எனக்கு மகள் பிறந்தபோது அந்தப் பேர் நாக்கு நுனிவரை வந்தது. ஆஸ்பத்திரியில் படிவத்தோடு நின்ற நர்ஸம்மா சிரித்துவிடுவாரோ என்று பயந்து, எதுக்கும் பொருந்துகிற இரண்டெழுத்தை எழுதினேன். அந்தப் பயத்தை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

ஆத்தா போய்ப் பதினோரு வருஷம். போன மாசியில் மணப்பாறை தாண்டி வீரப்பூருக்கு, அண்ணன்மார் திருவிழாவுக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் பின்னால் தள்ளிவிட்டார்கள். பாட்டுக்காரர் முகம்கூடத் தெரியவில்லை. சடசடத்த உடுக்கை சட்டென்று நின்றது. அந்தப் பேரை அவர் ஒருமுறை நீட்டிக் கூப்பிட்டார்.

"ஏனுங்காத்தா" என்றுவிட்டேன். பக்கத்தில் பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.